வெள்ளை முதலையும் நான்காம் நாள் காய்ச்சலும்

2025 அக்டோபர் நடுப்பகுதியில் கல்வி அமைச்சு வெளியிட்ட தகவல் பெற்றோர்களைக் கலங்க வைத்தது. நாடு முழுவதும் சுமார் 6,000 மாணவர்களுக்கு இன்ஃபுளுவென்சா தொற்று. சில பள்ளிகள் தற்காலிகமாக மூடப்பட்டன. தொற்றுத் திரள்கள் அதிகம் பதிவான மாநிலம் நமது சிலாங்கூர். அதே மாதம் 20ஆம் தேதி தீபாவளி, 31ஆம் தேதி ஹாலோவீன், நவம்பர் 3ஆம் தேதி எஸ்.பி.எம். தேர்வு. கொண்டாட்டம், கூட்டம், தேர்வு, காய்ச்சல் என எல்லாம் இரண்டே வாரத்திற்குள் அடங்கிவிட்டன.

இப்படி நேர்வது அந்த ஆண்டு மட்டுமல்ல. மலேசியாவில் இலையுதிர் காலம் கிடையாது. நமக்கு அக்டோபர், நவம்பர் என்றால் மாலை நேர இடியும் மழையும்தான். மேற்குக் கரையில் ஆண்டின் அதிக மழை பெய்யும் மாதங்களில் இவையும் அடங்கும். அதே வேளையில் இளைஞர்கள் அதிகமாக ஒன்றுகூடுவதும் இப்போதுதான். ஆகவே நண்பர்களோடு மகிழ்ந்திருக்கும் பருவமும் காய்ச்சல் பருவமும் ஒன்றாகவே வருகின்றன. இதை நாம் எப்படி எதிர்கொள்கிறோம் என்பதே என் கேள்வி.

விலைக்கு வாங்கும் பயம்

அக்டோபர் வந்தால் கோலாலம்பூர் பேரங்காடிகளில் பூசணிக்காய் முகங்கள் தொங்கும். சன்வே லகூனில் பேய் இரவுகள் நடக்கும். டிக்டாக்கில் பொந்தியானாக் வேடமும் மோகினி வேடமும் போட்டி போடும். 'இது நம் பண்பாடா?' என்று பெரியவர்கள் கேட்பார்கள். ஆனால், இங்கு பேய்களுக்குக் குடியுரிமைப் பிரச்சினை என்றுமே இருந்ததில்லை. 1957இல் வெளிவந்து புகழ்பெற்ற 'பொந்தியானாக்' மலாய்ப் படத்தை இயக்கியவர் இந்தியாவிலிருந்து வந்த பி.என். ராவ். தோட்டத்து லயங்களில் 'காத்துக் கருப்பு' கதை கேட்காமல் வளர்ந்த தாத்தா பாட்டிகள் யாராவது இருக்கிறார்களா? பயப்படுவதில் ஒரு சுகம் உண்டு. பக்கத்தில் நண்பன் இருந்தால் அது இரட்டிப்பாகும்.

இந்தச் சுகத்தை நான் குறை சொல்லவில்லை. விளையாட்டுப் பயத்திற்குப் பணமும் நேரமும் ஒதுக்கும் நாம், பயப்பட வேண்டியதைக் கண்டுகொள்ளாமல் விடுகிறோம் என்பதே கவலை. இதற்கு எங்கள் ஊரின் பெயரே ஒரு சான்று.

உடைந்த அணையின் கதை

கோலகுபு பாருவை ஒட்டியிருக்கும் எங்கள் ஊரின் பெயர் அம்பாங் பெச்சா. மலாய் மொழியில் அம்பாங் என்றால் அணை. பெச்சா என்றால் உடைந்தது. 1883 அக்டோபர் மாத இறுதியில் இங்கிருந்த பழைய அணை உடைந்து, பழைய கோலகுபு பட்டணத்தை வெள்ளம் அடித்துச் சென்றது. பலர் மாண்டார்கள். உலு சிலாங்கூரின் ஆட்சி அதிகாரியாக இருந்த சிசில் ரேங்கிங் என்ற ஆங்கிலேயரும் அவர்களில் ஒருவர்.

ஊரில் யாரைக் கேட்டாலும் இதற்கொரு காரணம் சொல்வார்கள். ஆற்றைக் காவல் காத்த வெள்ளை முதலையை ரேங்கிங் சுட்டுவிட்டாராம். அந்தக் கோபத்தில்தான் அணை உடைந்ததாம். எங்கள் ஊருக்கு வரும் நண்பர்களுக்கு நானும் இந்தக் கதையைத்தான் முதலில் சொல்வேன். இருட்டில் சொன்னால் இன்னும் நன்றாக இருக்கும்.

ஆனால், கதை அதோடு முடியவில்லை. அணை உடைந்த பிறகும் அந்தப் பட்டணத்தில் வெள்ளம் நிற்கவில்லை. ஈயச் சுரங்கங்களிலிருந்து கழுவி விடப்பட்ட மண் ஆற்றுப்படுகையில் படிந்து, ஆற்றின் மட்டம் உயர்ந்துகொண்டே போனது. மழை பெய்தால் தண்ணீர் ஊருக்குள் நுழைந்தது. கடைசியில் பட்டணத்தையே இடம் மாற்ற வேண்டியதாயிற்று. நகரமைப்பு வல்லுநர் சார்ல்ஸ் ரீட் 1920களில் திட்டமிட்ட புதிய ஊர்தான் இன்றைய கோலகுபு பாரு.

முதலை எல்லாருக்கும் நினைவிருக்கிறது. சுரங்க மண் யாருக்கும் நினைவில்லை. ஒரு பட்டணத்தையே காலி செய்ய வைத்தது என்னவோ அந்த மண்தான்.

இதை 19ஆம் நூற்றாண்டு மக்களின் அறியாமை என்று தள்ளிவிட முடியாது. 2022 அக்டோபர் 29 அன்று தென்கொரியத் தலைநகர் சியோலின் இத்தேவோன் பகுதியில் ஹாலோவீன் கொண்டாடக் கூடிய இளைஞர்கள் ஒரு குறுகிய சந்தில் நெரிசலில் சிக்கினார்கள். 159 பேர் உயிரிழந்தார்கள். பெரும்பாலோர் 20, 30 வயதுகளில் இருந்தவர்கள். கூட்டம் நசுக்குகிறது என்ற முதல் அவசர அழைப்பு மாலை 6.34க்கே காவல் துறைக்குப் போயிருந்தது. விபத்து நடந்தது இரவு 10 மணிக்குப் பிறகு. பேய் வேடங்கள் நிறைந்த அந்தத் தெருவில் ஆபத்து எந்த வேடமும் போடாமல்தான் வந்தது. காய்ச்சலும் அப்படித்தான் வருகிறது.

ஒரே முகம், மூன்று காய்ச்சல்

எங்கள் வட்டாரம் விடுமுறைக்குப் பெயர் போனது. கோலாலம்பூரிலிருந்து கோமுட்டர் ரயிலில் ஏறினால் கோலகுபு பாருவில் இறங்கலாம். சிலாங்கூர் ஆற்றில் படகுச் சவாரி, சிலிங் நீர்வீழ்ச்சி, புக்கிட் பிரேசர் மலைப்பாதை எனத் தீபாவளி விடுமுறை ஓடிவிடும். அடுத்த வாரம் யாராவது ஒருவருக்குக் காய்ச்சல் வரும். 'மழையில் நனைஞ்சிருப்ப' என்று சொல்லி இரண்டு பனடோல் கொடுப்போம்.

அந்தக் காய்ச்சல் மூன்றில் ஒன்றாக இருக்கலாம். முதல் நாளில் மூன்றுக்கும் ஏறக்குறைய ஒரே முகம்: உடல் சூடு, தலைவலி, உடம்பு வலி.

இன்ஃபுளுவென்சா என்றால், கிருமி தொற்றிய ஒன்று முதல் நான்கு நாளில் காய்ச்சல் வரும். பெரும்பாலும் இருமலும் தொண்டை வலியும் சேர்ந்து வரும். அறிகுறி தெரிவதற்கு ஒரு நாள் முன்பே மற்றவருக்குப் பரவத் தொடங்கும். அதனால்தான் திறந்த இல்ல உபசரிப்புக்கு நலமாக வந்துபோன ஒருவரால் ஐந்து பேர் படுக்க நேரிடுகிறது.

டிங்கி என்றால், ஏடிஸ் கொசு கடித்த நான்கு முதல் பத்து நாளில் காய்ச்சல் தொடங்கும். நாட்டில் 2024இல் மட்டும் 1 லட்சத்து 22 ஆயிரத்துக்கும் அதிகமானோர் டிங்கியால் பாதிக்கப்பட்டனர். 117 பேர் இறந்தனர். இந்தக் கொசுவுக்குக் குளம் குட்டை தேவையில்லை. தீபாவளிக்குப் பின் வாசலில் கிடக்கும் அகல் விளக்கு, பெயிண்டு டின், பானக் குவளை ஆகியவற்றில் தேங்கும் மழைநீரே போதும். ஒரு வாரம், பத்து நாளில் முட்டை கொசுவாகிவிடும்.

மூன்றாவது லெப்டோஸ்பைரோசிஸ் எனப்படும் எலி சிறுநீர்க் கிருமி நோய். ஆற்று நீரிலும் சேற்றிலும் கலந்திருக்கும் கிருமி காலிலுள்ள சிறு கீறல் வழியாகவும் கண், மூக்கு, வாய் வழியாகவும் உடலுக்குள் புகும். பெரும்பாலும் ஐந்து முதல் பதினான்கு நாளில் காய்ச்சல் வரும். கெண்டைக்கால் வலியும் சிவந்த கண்களும் இதன் அடையாளங்கள். 2010இல் பகாங், மாரான் அருகே லுபோக் யூ நீர்வீழ்ச்சியில் மூழ்கிய ஒருவரைத் தேடும் பணிக்குப் பிறகு, இந்த நோயாலும் மெலியோய்டோசிஸ் என்ற மண்கிருமி நோயாலும் 8 பேர் உயிரிழந்தனர். அவ்வாண்டு முதல் லெப்டோஸ்பைரோசிஸ் மருத்துவர்கள் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் இருக்கிறது. ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் ஆண்டிபயாடிக் மருந்து கொடுத்துக் குணப்படுத்தலாம்.

'விட்டுருச்சு' என்ற சொல்

இவற்றில் நம்மை அதிகம் ஏமாற்றுவது டிங்கிதான். மற்ற பல காய்ச்சல்களில் சூடு குறைந்தால் பெரும்பாலும் குணமாகிறது என்று அர்த்தம். டிங்கியில் அப்படிச் சொல்ல முடியாது. மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் இறங்கும்போதுதான் சிலருக்கு ஆபத்துக் கட்டம் தொடங்குகிறது. இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து இரத்த அழுத்தம் சரியும். கடும் வயிற்று வலி, தொடர் வாந்தி, ஈறில் இரத்தம், அளவுக்கு மீறிய சோர்வு ஆகியவை எச்சரிக்கைக் குறிகள்.

2024இல் தீபாவளியும் ஹாலோவீனும் அக்டோபர் 31 என்ற ஒரே நாளில் வந்தன. விடுமுறை முடிந்து எங்கள் வாடகை வீட்டுக்குத் திரும்பிய ஞாயிறன்று நண்பர் ஒருவருக்குக் காய்ச்சல் கண்டது. புதன்கிழமை காலை, "டேய், விட்டுருச்சுடா. சாயங்காலம் ஃபுட்சால் வர்றேன்" என்றார். தாதிமைப் பயிற்சியில் இருக்கும் தோழி ஒருவர் தொலைபேசியில் கேட்டார்: "எத்தனையாவது நாள் இது? வயிறு வலிக்குதா? கடைசியா எப்ப சிறுநீர் போனான்?" நாங்கள் விரல் விட்டு எண்ணினோம். நான்காம் நாள். வயிறு வலித்தது, இரவில் இரண்டு முறை வாந்தி. மருத்துவமனையில் டிங்கி என்று உறுதி செய்தார்கள். நான்கு நாள் படுக்கையில் இருந்து நலமாகத் திரும்பினார்.

மருத்துவர் எங்களிடம் முதலில் கேட்டவை இரண்டு: காய்ச்சல் எந்த நாள் தொடங்கியது? கடந்த இரண்டு வாரத்தில் எங்கெல்லாம் போனீர்கள்? சோர்ந்து கிடந்தவரால் தெளிவாகப் பதில் சொல்ல முடியவில்லை. ஊரில் இருந்த அவருடைய அம்மாவுக்கும் தெரியாது. அறை நண்பர்களான எங்களுக்குத்தான் தெரிந்திருந்தது.

ஏன் தாமதிக்கிறோம்?

செலவைக் காரணம் காட்ட முடியாது. அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்கு வெளிநோயாளிக் கட்டணம் 1 ரிங்கிட்தான். உண்மையான காரணங்கள் வேறு. வீட்டில் சொல்லாமல் ஆற்றுக்குப் போயிருப்போம். மருத்துவரிடம் சொன்னால் அப்பாவுக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயம். கிளினிக்கில் மூன்று மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்ற சலிப்பு. தோட்டப்புறம் என்றால் இன்னொரு சிக்கல்: பேருந்து இருக்காது, வீட்டில் ஒரே மோட்டார் சைக்கிள், அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போயிருக்கும். எம்.சி. வாங்க மட்டும் கிளினிக்குக்குப் போகும் பழக்கமும் நமக்கு உண்டு. எம்.சி. கிடைத்தால் வேலை முடிந்தது. மறுநாள் இரத்தப் பரிசோதனைக்கு வரச் சொன்னது மறந்துபோகும்.

'ஆத்தங்கரையில ஆறு மணிக்கு மேல நின்னியா?' என்று கேட்டுப் பாட்டி விபூதி பூசுவார். அந்தக் கேள்வியை நான் சிரித்துத் தள்ளமாட்டேன். எங்கே போனாய், எப்போது போனாய் என்று மருத்துவர் கேட்பதையே பாட்டியும் கேட்கிறார். விபூதி நெற்றியில் இருக்கட்டும். அன்றே கிளினிக்குக்கும் போய்விட வேண்டும்.

நண்பர்கள் செய்யக்கூடியவை

இதற்குப் பெரிய இயக்கம் எதுவும் தேவையில்லை. அறை நண்பருக்குக் காய்ச்சல் கண்டால், வாட்ஸ்அப் குழுவில் தேதியோடு 'முதல் நாள்' என்று பதிவிடுங்கள். தினமும் காய்ச்சல் அளவு, வாந்தி, குடித்த தண்ணீர், சிறுநீர் ஆகியவற்றை ஒரு வரியில் சேருங்கள். மருத்துவருக்கு அந்த நான்கு வரி மிகவும் உதவும். டிங்கி இல்லை என்று உறுதியாகும் வரை ஆஸ்பிரின், இபுபுரூஃபன் வேண்டாம். அவை இரத்தக் கசிவை அதிகமாக்கலாம். பாராசிட்டமோல் போதும், அதுவும் அளவோடு.

ஆற்றுக்குப் போவதை யாரும் தடுக்க வேண்டியதில்லை. காலில் வெட்டுக்காயம் இருந்தால் நீரில் இறங்காதீர்கள். தண்ணீர் திடீரெனக் கலங்கி, இலையும் குச்சியும் மிதந்து வந்தால் உடனே கரையேறுங்கள். மலையில் பெய்த மழை வெள்ளமாக இறங்கி வருகிறது என்று அர்த்தம். அடுத்த இரண்டு வாரத்தில் காய்ச்சல் வந்தால், மருத்துவர் கேட்காவிட்டாலும் ஆற்றுக்குப் போனதைச் சொல்லுங்கள்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் வாரத்திற்குப் பத்து நிமிடம் ஒதுக்கித் தேங்கிய நீரைக் கொட்டுங்கள். உங்கள் குடியிருப்பு டிங்கி பரவும் இடமா என்பதை 'ஐடிங்கி' இணையத்தளத்தில் பார்க்கலாம். பல்கலைக்கழக இந்திய மாணவர் சங்கங்கள் தீபாவளி இரவு அழைப்பிதழில் உடை நிறத்தைக் குறிப்பிட மறப்பதில்லை. 'காய்ச்சல், இருமல் இருந்தால் வர வேண்டாம். உணவை அறைக்கே அனுப்பி வைக்கிறோம்' என்ற வரியையும் அதில் சேர்க்கலாம். வராதவரைப் பிறகு கேலி செய்யாமல் இருப்பதும் முக்கியம்.

இந்தப் பருவத்தில் மழை சில வாரங்கள் நீடிக்கும். தேர்வும் உபசரிப்பும் ஒன்றன்பின் ஒன்றாக வரும். உங்கள் குழுவில் யாராவது ஒருவர் 'காய்ச்சல் விட்டுருச்சு' என்று எழுதுவார். கட்டைவிரல் சின்னத்தைப் போட்டுவிட்டு நகராமல், இரண்டு கேள்வி கேளுங்கள்: எத்தனையாவது நாள்? வயிறு வலிக்கிறதா?