காலநிலை மாற்றமும் நாவன்மையும்

மாணவர் சொற்போட்டிகளில் இந்நாளில் அடிக்கடி எடுத்தாளப்படும் பொருள் காலநிலை மாற்றம். பனிமலை உருகுதலையும், கடல் மட்டம் உயர்தலையும், உலகிற்கு வரும் கேட்டினையும் பேசுவோர் உணர்ச்சி ததும்ப எடுத்துரைக்கின்றனர், கேட்போர் கைதட்டுகின்றனர், கூட்டம் கலைகின்றது. ஆளில்லா மண்டபத்தில் மின்விசிறிகள் சுழன்றுகொண்டே இருக்கின்றன! இதற்குக் கேட்போரின் கல்நெஞ்சமே காரணம் என்றல் பொருந்தாது. குறை நம் பேச்சின் வகையிலேயே உளது என்பது என் துணிபு.

அச்சம் மனிதனை விழித்தெழச் செய்யும். ஆயின் வழி காட்டப்பெறாத அச்சம் அவனைச் செயலறச் செய்யும். எல்லாம் முடிந்தது என்று கேட்டவன் கைகட்டி அமர்வானேயன்றி எழுந்து உழைப்பானல்லன்.

செயலை விளைவித்த பேச்சிற்கு ஓசோன் படலத்தின் வரலாறே தக்க சான்றாகும். தெளிப்புக் குப்பிகளிலும் குளிர்சாதனங்களிலும் வழங்கிய குளோரோபுளோரோகார்பன் வாயுக்கள் அப்படலத்தைச் சிதைக்கும் என்று மொலினா, ரோலண்ட் என்னும் வேதிநூலறிஞர் இருவர் 1974இல் உணர்த்தினர். சட்டம் வருமுன்னரே அமெரிக்க மக்கள் பலர் அக்குப்பிகளை வாங்காது விடுத்தனர். 1985இல் அண்டார்க்டிகாவின் மேல் அப்படலம் பெரிதும் மெலிந்தமை வெளியாயிற்று. 1987இல் மான்ட்ரியல் உடன்படிக்கை எழுந்தது. நாளடைவில் உலக நாடுகள் அனைத்தும் அதனை ஏற்றன. இன்று அப்படலம் மெல்லத் தேறி வருகின்றது. நம்மைக் காக்கும் குடையில் ஓட்டை விழுந்தது, அதனைச் செய்தது இன்ன பொருள், அதனைக் கைவிடுக என மூன்றே சொல்லில் அச்செய்தி அடங்கிற்று.

கரியமில வாயுவின் செய்தி அத்துணை எளிதன்றே எனின், உண்மையே. ஒரு குப்பியை விடுத்தல் போன்றதன்று நிலக்கரியையும் பெட்ரோலையும் விடுத்தல். நம் வாழ்க்கை முழுவதும் அவற்றொடு பிணைந்துள்ளது. ஆதலினாலேதான் பெருஞ்செய்தியைச் சிறு செயல்களாகப் பகுத்துக் கூறுதல் இன்றியமையாததாகின்றது. 2003இல் தமிழ்நாட்டுக் கட்டடங்களில் மழைநீர் சேகரிப்புக் கட்டாயமாக்கப்பெற்றபொழுது, கூரையில் விழும் நீரைக் குழாய்வழி நிலத்தில் இறக்குக என்பதே மக்கட்குச் சென்ற செய்தி. அஃது எவர்க்கும் விளங்கிற்று.

மேலும், வடதுருவத்துக் கரடியினும் நம் தெருவே நம்மவர் நெஞ்சைத் தொடும். 2015இல் வெள்ளத்தில் மூழ்கிய சென்னை 2019இல் குடிநீருக்கு ஏங்கியதை யார் மறப்பர்? ஆயினும் அவ்விரண்டும் காலநிலை மாற்றம் ஒன்றனாலேயே விளைந்தன என்று மிகைபடக் கூறற்க. ஏரிகளைத் தூர்த்த நம் கையும் அவற்றிலுண்டு. மிகை ஒன்று வெளிப்படின் மெய்யும் நம்பப்பெறாது. அன்றியும் நம் கையின் குற்றம் நம் கையாலேயே திருத்தத்தக்கதன்றோ?

வள்ளுவனார் சொல்வன்மை என்னும் அதிகாரத்தை அடுத்து வினைத்தூய்மையையும் வினைத்திட்பத்தையும் வைத்தனர். அவ்வைப்பு முறையே நமக்கு நெறியாகுக. இனி நம் மன்றத்தில் இப்பொருள் பற்றிப் பேச எழுவோர், தாம் முன்னரே செய்யத் தொடங்கிய செயல் ஒன்றனைக் கூறி, அதில் பங்குகொள்ளுமாறு அவையோரை அழைத்து அமர்வாராக. அங்ஙனமாயின் கைதட்டல் சற்றுக் குறையினும் குறையும். மண்டபத்து மின்விசிறிகளோ நிற்கும்.