"எனக்கு எதிர்ப்புச் சக்தி இருக்கு" என்கிறவர்களுக்கு

பெரும்போக விதைப்புக்கு ஆட்கள் படுவான்கரைக்குப் போய்வரத் தொடங்கிவிட்டார்கள். களுதாவளையிலிருந்தும் வாவி தாண்டிப் போகிறார்கள். எலிக்காய்ச்சல் குளிசை எடுத்தீங்களா என்று கேட்டால், "முப்பது வருசமா சேத்துக்குள்ள நிக்கிறன் சேர், உடம்பில எதிர்ப்புச் சக்தி இருக்கு" என்ற பதில்தான் வருகிறது. விஞ்ஞானம் படிப்பிக்கிறவன் நான், இதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

நமது காவல் கலங்களின் மேற்பரப்பில் டி.எல்.ஆர்.4 என்றொரு வாங்கி இருக்கிறது. பல பற்றீரியாக்களின் வெளிச்சுவரில் உள்ள எல்.பி.எஸ். என்ற மூலக்கூறு அதில் பட்டால், செய்தி கலத்துக்குள்ளே புரதத்துக்குப் புரதம் கைமாறிப் போகும். என்.எஃப். காப்பா பி என்ற புரதம் அதுவரை இன்னொரு புரதத்தின் பிடியில் கிடக்கும். செய்தி வந்ததும் பிடி உடையும். அது கருவுக்குள் நுழைந்து அழற்சிக்கான பரம்பரையலகுகளை முடுக்கிவிடும். காய்ச்சல் அப்படித்தான் வருகிறது. இந்த வாங்கியின் வேலையைச் சுண்டெலியில் 1998இல் காட்டிய புரூஸ் பொய்ட்லர் 2011இல் நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவர்.

எலிக்காய்ச்சல் கிருமியான லெப்டொஸ்பைராவின் எல்.பி.எஸ். வேறு மாதிரி. சுண்டெலியின் டி.எல்.ஆர்.4 அதைக் கண்டுபிடித்துவிடும். மனிதனுடையது கண்டுபிடிக்காது! நமக்கு டி.எல்.ஆர்.2 என்ற வேறொரு வாங்கிதான் அதை உணர்கிறது. பிரதான வாசலில் மணி அடிக்காத நேரத்தில் கிருமி இரத்தத்தில் பெருகிவிடலாம். பிறகு அழற்சி அளவு மீறினால் சிறுநீரகமும் நுரையீரலும் பழுதாவதில் அதற்கும் பங்குண்டு. அப்படியிருக்க, "சக்தியைக் கூட்டும்" என்று போத்தலில் விற்கிறார்களே, எதைக் கூட்டப் போகிறார்கள்?

முப்பது வருசக் கணக்கும் உதவாது. இந்தக் கிருமியில் பல வகை. ஒன்றுக்கு எதிராக உடம்பு பழகினாலும் மற்றதைத் தடுக்கும் என்றில்லை. 2008இல் இலங்கையில் 7,000க்கு மேற்பட்டோருக்கு இந்தக் காய்ச்சல் என்று பதிவானது. வயலில் இறங்கிப் பழகியவர்களுக்குத்தான் இது அதிகம் வருகிறது.

டொக்சிசைக்கிளின் 200 மில்லிகிராம், கிழமைக்கு ஒரு தடவை. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் இலவசம். கர்ப்பிணிகளும் வேறு நோய்க்கு மருந்து எடுப்பவர்களும் அங்கே கேட்டுத்தான் எடுக்க வேண்டும். காய்ச்சலோடு கெண்டைக்கால் நோவும் கண் சிவப்பும் இருந்தால் கடையில் நோவுக் குளிசை வாங்கிப் போடாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள், வயலில் இறங்கியதையும் டொக்டரிடம் சொல்லுங்கள்.

இன்னொன்று. பெரும்போக ஆரம்பக் கூட்டத்தில் விதைநெல், பசளை, தண்ணீர் எல்லாம் பேசுகிறோம். பொதுச் சுகாதாரப் பரிசோதகரையும் அங்கே கூப்பிட்டு, குளிசையை அதே மேசையில் வைத்துக் கொடுத்தால் என்ன? அடுத்த கூட்டத்தில் நான் கேட்பேன், இன்ஷா அல்லாஹ்.