மலைக்கு பக்தனும் தெரியாது, டிரெக்கரும் தெரியாது

குரங்கணின்னு சொன்னாலே நம்மாளுங்களுக்கு ஆவேசம் வந்துடும். 2018 மார்ச் 11. தேனி மாவட்டம், கொழுக்குமலைப் பக்கம் மலையேறப் போனவங்க காட்டுத்தீயில மாட்டிக்கிட்டாங்க. 23 பேர் போயிட்டாங்க. சென்னைக்காரங்களும் அதுல உண்டு. அப்போ மயிலாப்பூர் குளத்தங்கரையிலேர்ந்து தி.நகர் டீக்கடை வரைக்கும் ஒரே தீர்ப்புதான்: "சம்பாதிக்கிற கொழுப்பு சார். பீச்சுல நடந்தா பத்தாதா?"

சரி சார். அதே வாய் வெள்ளியங்கிரின்னா மட்டும் ஏன் மூடிக்குது?

கோவை பூண்டியிலேர்ந்து ஏழு மலை. செங்குத்துப் படி, வழுக்குப் பாறை, உச்சியில குகைக்குள்ள சுயம்புலிங்கம். அடையாறுல சமதரையில 2 கி.மீ. வாக்கிங் போறவர், வெள்ளிக்கிழமை ராத்திரி ரயில் ஏறி, சனிக்கிழமை கையில ஒரு மூங்கில் கம்போட மலையேற ஆரம்பிச்சுடறார். 2024 சீசன்ல மட்டும் அஞ்சு பேருக்கு மேல அந்த மலையில செத்தாங்க. மூச்சுத்திணறல், மாரடைப்பு. அதுக்கு நம்ம தீர்ப்பு? "சிவன் காலடியில போயிட்டார், புண்ணியம்." அந்தப் புண்ணியத்தை அவர் பொண்டாட்டி புள்ளைங்ககிட்ட போய்ச் சொல்லிப் பாருங்களேன்.

அரசாங்கத்துக்கும் இதே ரெட்டை நாக்குதான். குரங்கணிக்கு அப்புறம் டிரெக்கிங்குக்குத் தனி விதிகள் வந்துச்சு. 2024 அக்டோபர்ல வனத்துறை 40 பாதைகளைத் திறந்துச்சு. முன்பதிவு, வழிகாட்டி, கட்டணம், எல்லாம் உண்டு. நல்லது. 2025 பிப்ரவரி நடுவுல, தீப்பிடிக்கிற காலம்னு அதையெல்லாம் மூடினாங்க. அதுவும் நல்லதுதான். ஆனா அதே பிப்ரவரியிலதான் வெள்ளியங்கிரிப் பாதையைத் திறந்துவிட்டாங்க! தீக்கு ஆள் பார்த்துப் பிடிக்கத் தெரியுமா என்ன?

அடிவாரத்துல பையைத் திறந்து பிளாஸ்டிக் இருக்கான்னு பார்க்கறாங்க. நெஞ்சு எப்படி இருக்குன்னும் பார்க்கணும். "இதய நோயாளிகள் வரவேண்டாம்"னு அறிவிச்சா மட்டும் போதாது. நம்மள்ல பாதிப் பேருக்கு பி.பி. இருக்கறதே தெரியாது. ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான்னு கணக்கு வேணும். 'பக்தர்களைத் தடுக்காதே'ன்னு கொடி பிடிக்கறவங்க, டோலி கட்டி பிணத்தை இறக்கறவங்களை ஒரு தடவை நினைச்சுப் பாருங்க.

சென்னைவாசிகளுக்கு ஒரு வார்த்தை. நம்ம ஊர்ல மலைன்னா பரங்கிமலைதான். சுமார் 300 அடி. ரெண்டு மாசம் வாராவாரம் அதுல ஏறி இறங்குங்க. மூச்சு வாங்காம ஏற முடிஞ்சா வெள்ளியங்கிரியைப் பத்தி யோசிக்கலாம். முடியலையா, கபாலியும் அதே சிவன்தான், கோச்சுக்க மாட்டார்.

டிஸ்கி: நாத்திகன்னு திட்ட வர்றவங்களுக்கு: நானும் நெத்தி நிறைய விபூதி பூசற ஆளுதான். வேற ஏதாவது யோசிச்சுட்டு வாங்க.