சோப்பு, அக்கா, அப்புறம் ஒரு ஸ்டிக்கர்

ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. அதான் ரெண்டு மாசமா இந்தப் பக்கம் தலை காட்டலை. ஆனா சனி, ஞாயிறுல சும்மா இல்லை மக்களே, சோப்பு ஊத்திக்கிட்டு இருந்தேன். சிரிக்காதீங்க, நிஜமாத்தான்!

ஆரம்பிச்சது அக்கா. தாம்பரத்துல அவ வீட்டுச் சமையலறையில நான் எடுபிடி. பாரிமுனைப் பக்கம் போய் சோப் பேஸ் வாங்கிட்டு வர்றது, உருக்குறது, கிண்ணம் கழுவுறது எல்லாம் நம்ம டிபார்ட்மெண்ட். வேலை என்னன்னா, ஏற்கெனவே சோப்பா இருக்கிற ஒரு கட்டியை வாங்கி, துண்டு துண்டா நறுக்கி, உருக்கி, கலரும் வாசனையும் சேர்த்து சிலிகான் அச்சுல ஊத்தணும். சில மணி நேரத்துல சோப்பு ரெடி. அவ்வளவுதான்.

அவ்வளவுதான்னு சொல்லிட்டேனே தவிர, முதல் நாள் மைக்ரோவேவ்ல மொத்தமா ரெண்டு நிமிஷம் வெச்சு, பொங்கி வழிஞ்சு, அடுப்பே நுரை தள்ளிருச்சு. முப்பது முப்பது செகண்டா வெச்சுக் கலக்கணுமாம். ரெண்டு கலர் அடுக்கு ஊத்தினா, காஞ்சதும் தனித்தனியாப் பிரிஞ்சு வந்துச்சு. முதல் அடுக்கு மேல ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலைப் புஸ்ஸுனு அடிச்சுட்டு அடுத்ததை ஊத்தினாத்தான் ஒட்டும். ஃபுட் கலர் போட்டா ஒரு வாரத்துல பக்கத்து அடுக்குக்குக் குடித்தனம் போயிடும், மைக்கா பவுடர்னா இருந்த இடத்துலயே இருக்கும். ரோஜா இதழ் போட்டது சில நாள்ல பழுப்பாகி, செத்த பூச்சி மாதிரி ஆயிடுச்சு. இதுல நம்ம சென்னைக் காத்து வேற. பேஸ்ல இருக்கிற கிளிசரின் காத்துல இருக்கிற ஈரத்தை இழுக்கும். அச்சுலேர்ந்து எடுத்ததும் பிளாஸ்டிக் தாள்ல இறுக்கிச் சுத்தலைன்னா சோப்பு நம்மளை விட அதிகமா வேர்க்கும் :-)

இத்தனையும் தாண்டி அக்கா ஒரு தாமரை பண்ணா பாருங்க! உள்ளே வெள்ளை, வெளியே கண்ணாடி மாதிரி ரோஸ். கையில வெச்சுக்கிட்டு தேய்க்க மனசு வரலை. நவராத்திரிக்கு வெத்தலைப் பாக்கோட வெச்சுக் கொடுக்கணும்னு தெரிஞ்சவங்க நாலு பேர் கேட்டாங்க. காசு தரோம்னும் சொன்னாங்க.

அப்பத்தான் ஸ்டிக்கர் வந்துச்சு. 'முழுக்க கையால் செய்தது. 100% இயற்கை. கெமிக்கல் இல்லை.' டிசைன் பண்ணது யாரு? சாட்சாத் அடியேன்தான். பச்சை கலர்ல ஒரு இலை வேற போட்டேன்.

ஒண்ணு ஆபீஸ்ல பக்கத்து டீம் சீனியர் ஒருத்தருக்குக் கொடுத்தேன். அவர் பொண்ணுக்கு மூணு வயசு, தோல்ல அடிக்கடி தடிப்பு வரும். சோப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, "பாஸ், நிஜமாவே கெமிக்கல் இல்லைல்ல? பாப்பாவுக்குப் போடலாம்ல?"ன்னு கேட்டார். "தாராளமா"ன்னு சொன்னேன். சொல்றதுக்கு ஒரு செகண்ட்கூட யோசிக்கலை.

ராத்திரி தூக்கம் வரலை. எழுந்து பேஸ் வந்த டப்பாவை எடுத்துப் படிச்சேன். சோடியம் ஸ்டியரேட், ப்ரொப்பிலீன் கிளைக்கால், சார்பிட்டால், சோடியம் லாரத் சல்ஃபேட், வெள்ளை நிறத்துக்கு டைட்டானியம் டை ஆக்சைடு. இதுக்கு மேல கிலோவுக்கு 20 கிராம் வாசனை எண்ணெயை நானே அளந்து ஊத்தியிருக்கேன். தோல் ஒவ்வாமைக்கு வாசனைப் பொருள் ஒரு முக்கியமான காரணம். அந்தக் குழந்தைக்குப் போடக்கூடாத சோப்புன்னு ஒண்ணு இருந்தா, இலை போட்ட என் சோப்புதான் அது.

காலையில முதல் வேலையா அவர்கிட்ட போய் விஷயத்தைச் சொல்லித் திரும்ப வாங்கினேன். நல்லவேளை, இன்னும் பிரிக்கலை. கோபப்படலை மனுஷன். "சொன்னதுக்கு தேங்க்ஸ் பாஸ்"னார். கொஞ்சம் கழிச்சு, "ஸ்டிக்கர்ல போட்டிருந்துச்சே"ன்னார். திட்டியிருந்தா தேவலை.

சரி, மேட்டருக்கு வரேன். 'கெமிக்கல் இல்லாத சோப்பு'ன்னு உலகத்துல ஒண்ணு கிடையாது. எண்ணெயும் காஸ்டிக் சோடாவும் சேர்ந்து நடக்கிற ரசாயன மாற்றத்துலதான் சோப்பும் கிளிசரினும் வருது. வீட்டுலயே எண்ணெய்லேர்ந்து சோப்பு பண்றவங்க அந்தக் காஸ்டிக்கைக் கையாளணும், நாலு வாரத்துக்கு மேல காய வைக்கணும். தோல்ல பட்டா வெந்துடும். நாங்க வாங்கின பேஸ்ல அந்த ஆபத்தான வேலையை ஃபேக்டரி முடிச்சுக் கொடுத்துடுச்சு. அதனாலதான் சூடு மட்டும் பார்த்துக்கிட்டா பசங்களைக்கூட பக்கத்துல வெச்சுக்கிட்டுப் பண்ண முடியுது. இதுல வெட்கப்பட என்ன இருக்கு? கெமிக்கல்னா விஷமும் இல்லை, இயற்கைன்னா அமிர்தமும் இல்லை. அரளி விதை இயற்கைதானே?

அக்காகிட்ட சொன்னேன். "எல்லாரும் அப்படித்தான்டா போடறாங்க. நான் மட்டும் கெமிக்கல் இருக்குன்னு போட்டா யாரு வாங்குவா? பெரிய கம்பெனிக்காரன் ஊரெல்லாம் விளம்பரம் பண்றான், அவனைக் கேட்டியா? என்னைக் கேக்க வந்துட்டான்!" இதுல பாதி நியாயம் இருக்கு. என்கிட்ட பதில் இல்லைதான்.

ஆனா ஒண்ணு. கடையில மாவு பாக்கெட் வாங்கி, பூ மாதிரி தோசை சுட்டுக் கொடுத்தா, தோசை சுட்ட கைக்குப் பாராட்டு உண்டு. 'நானே ஊற வெச்சு ஆட்டினேன்'னு சொன்னாத்தான் பொய். எங்க பொழப்பே அப்படித்தானே? எவனோ எழுதின லைப்ரரியை எடுத்துத்தான் நானும் பொட்டி தட்டுறேன், ஆனா அதை நான் எழுதினேன்னு சொல்றதில்லை. அக்காவோட கை அந்தத் தாமரையில இருக்கு. எந்தச் சூட்டுல ஊத்தினா ரெண்டு கலரும் கலக்காதுங்கிறது அவளுக்குத்தான் தெரியும். அது பத்தாதுன்னு நினைச்சு மேல ஒரு பொய்யை ஒட்டினது, அந்தக் கைக்கு நான் பண்ண அவமானம்.

பெரிய கம்பெனி சோப்பை நம்பாம நம்மகிட்ட வாங்கறவங்க, தெரிஞ்ச முகத்தை நம்பித்தானே வாங்கறாங்க? விளம்பரத்தை யாரும் முழுசா நம்பறதில்லை. தாம்பரத்து அக்கா சொன்னா நம்புவாங்க. அதனாலதான் அவளோட சின்னப் பொய்க்கு வலு ஜாஸ்தி.

இன்னொண்ணும் அப்புறம்தான் படிச்சேன். அழகுசாதனப் பொருட்கள் விதிகள் 2020-ன்படி விற்பனைக்குச் சோப்பு தயாரிக்க லைசென்ஸ் வேணும். வீட்டு அடுப்படிதானேங்கிறது கணக்குல வராது. அதனால இப்போதைக்குக் காசு வாங்கற கதையை நிறுத்திட்டோம்.

அக்கா நாலு நாள் பேசலை. அஞ்சாவது நாள் புது ஸ்டிக்கருக்கு வாசகம் கேட்டா. 'ரெடிமேட் சோப் பேஸில் வீட்டில் வார்த்தது. வாசனை சேர்த்தது.' கீழே டப்பாவுல இருந்த பட்டியல் அப்படியே, பொடி எழுத்துல. இலையைத் தூக்கிட்டேன். பார்க்க மருந்துச் சீட்டு மாதிரி இருக்குன்னு திட்டினா, ஆனாலும் ஒட்டினா.

அந்த சீனியர் பொண்ணுக்கு? வாசனையும் கலரும் இல்லாம ஒரு யானை ஊத்தினோம். பட்டியலையும் கையில கொடுத்து, டாக்டர்கிட்ட காட்டிட்டு, அவர் சரின்னா மட்டும் போடுங்கன்னு சொல்லியிருக்கேன். பாப்பா அதை பொம்மைகளோட அடுக்கி வெச்சிருக்காளாம். இருக்கட்டும்.

டிஸ்கி: உங்க வீட்டுலயும் யாராவது சோப்பு ஊத்தறாங்களா? முதல்ல பேஸ் டப்பாவோட பின்பக்கத்தைப் படிச்சுடுங்க. இலை அப்புறம் வரையலாம் :-)