சுவரில் தொங்கும் மருந்தாளுநர்

எங்கள் ஊர் மருந்துக் கடையில் ஒரு மருந்தாளுநர் இருக்கிறார். கண்ணாடிச் சட்டத்துக்குள், ஊதுவத்திப் புகை படிந்து, பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறார். பதினோரு வருடமாக அந்தக் கடைக்குப் போகிறேன். அவரை நேரில் பார்த்ததில்லை.

இதை நானும் வேடிக்கையாகத்தான் சொல்லிக் கொண்டிருந்தேன், போன மாசி மாதம் வரை.

வீட்டம்மாவுக்கு ரத்தக் கொதிப்பு. தினம் காலையில் அம்லோடிபின் 5 மில்லிகிராம். வழக்கம் போலச் சீட்டைக் கொடுத்தேன். கடையில் நிற்கும் பையன் பத்தாவது முடித்தவன், நல்ல பிள்ளை, "தாத்தா, உட்காருங்க" என்று ஸ்டூலை இழுத்துப் போடுவான். அட்டையை எடுத்தான், கத்தரிக்கோலால் ஐந்து மாத்திரை வெட்டிக் காகிதக் கவரில் போட்டான். "பில் வேணுமா தாத்தா?" என்றான். வேண்டாம் என்று சொன்னவன் நான்தான்.

மூன்றாம் நாள் கிருத்திகை விரதம். மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஒன்றும் சாப்பிடாமல் இருந்தவள், பதினோரு மணிக்குத் துணி காயப்போடும் இடத்தில் சரிந்துவிட்டாள். உடம்பெல்லாம் வியர்வை, பேச்சு குழறுகிறது. பக்கவாதம் என்றே நினைத்தேன். ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்சம்மா விரலில் குத்திப் பார்த்தார். சர்க்கரை 48. "அம்மாவுக்கு சுகர் மாத்திரை என்ன குடுக்கிறீங்க?" என்று கேட்டார். இவளுக்குச் சர்க்கரை வியாதியே கிடையாது.

அட்டையைக் கொண்டு வரச் சொன்னார்கள். வெட்டிய துண்டில் பாதிப் பெயர்தான் இருந்தது. மீதிப் பெயர், பேட்ச் எண், காலாவதி தேதி எல்லாம் கடையிலிருந்த மற்றத் துண்டில். பேரன் ஓடிப் போய் அதை வாங்கி வந்து ஒட்டிப் பார்த்த பிறகுதான் தெரிந்தது, அது கிளிமிபிரைட். இரண்டு கம்பெனிப் பெயருக்கும் முதல் மூன்று எழுத்து ஒன்று. குளுக்கோஸ் ஏற்றினார்கள், ராத்திரி முழுக்க வைத்திருந்து அனுப்பினார்கள். இப்போது நன்றாக இருக்கிறாள். கடைப் பையனைத் திட்டக் கூடாது என்று எனக்கே கட்டளை போட்டிருக்கிறாள்.

பையனை நான் திட்டவில்லை. படிக்காத வேலையில் அவனை நிறுத்தியவரைக் கேட்கப் போனேன். "மருந்தாளுநர் எங்கே?" முதலாளி கூசாமல் சொன்னார்: "அவர் டவுன்ல இருக்கார் சார். மாசம் ஒரு தடவை வந்து நோட்டுல எல்லாம் கையெழுத்துப் போட்டுடுவார்."

நோட்டையும் காட்டினார். ஷெட்யூல் எச்-1 மருந்துகளுக்கு, அதாவது சில ஆன்டிபயாடிக், தூக்க மாத்திரை, வலி மாத்திரை இவற்றுக்கு, எழுதிக் கொடுத்த டாக்டர் பெயர், நோயாளி பெயர், மருந்து, அளவு எல்லாம் பதிவு செய்து மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். வைத்திருக்கிறார்கள், மறுக்கவில்லை. முப்பத்து நாலு வருடம் அரசாங்கப் பதிவேடுகளோடு குடித்தனம் நடத்தியவன் நான். ஒரு மாத வரவை ஒரே உட்காரலில் எழுதினால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? ஒரே பேனா, ஒரே சாய்வு, ஒரு அடித்தல் திருத்தல் கூட இல்லை. உண்மையான பதிவேடு அவ்வளவு அழகாக இருக்காது.

1948-ஆம் வருடத்து மருந்தியல் சட்டத்தின் 42-ஆவது பிரிவு, பதிவு பெற்ற மருந்தாளுநர் தவிர வேறு யாரும் டாக்டர் சீட்டுக்கு மருந்து கொடுக்கக் கூடாது என்கிறது. கிராமத்துக்கு விலக்கு என்று அதில் ஒரு வரியும் இல்லை.

விலக்குக் கொடுத்தது நாம். டீக்கடையில் இதைச் சொன்னபோது என் வயதுக்காரர்களே, "கிராமத்துக்கு இது போதும் சார், இதையும் மூடிட்டா காய்ச்சல் மாத்திரைக்கு பாகூர் போகணும்" என்றார்கள். யார் மூடச் சொன்னது? ஆள் வைக்கச் சொல்கிறேன். எங்கள் தெருவிலேயே டி.பார்ம் படித்த பெண் ஒன்று புதுச்சேரியில் ஜவுளிக் கடையில் பில் போடுகிறது. சம்பளம் கட்டாது என்கிறார் முதலாளி. மேல் மாடி கட்டக் கட்டியது.

இந்தப் "போதும்" தான் எனக்கு ஆத்திரமாக வருகிறது. இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். இங்கே ராத்திரி கடையைச் சாத்தும்போது மெயினை அணைத்துவிட்டுப் போகிறார்கள், ஃபிரிட்ஜும் சேர்ந்து அணைகிறது. சித்திரை வெயிலில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில் மாத்திரையும் சிரப்பும் வேகின்றன. கெட்டுப் போன கத்தரிக்காயை முகர்ந்து பார்த்துத் திருப்பிக் கொடுக்கிற நாம், வெந்து போன இன்சுலினைக் கண்டுபிடிக்க முடியுமா? சர்க்கரை இறங்காவிட்டால் டாக்டர் அளவைக் கூட்டுவார், அவ்வளவுதான்.

பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன் என்பதால் ஒன்று சொல்லத் தோன்றுகிறது ("ஆரம்பிச்சிட்டாரு" என்று சிரிப்பவர்கள் சிரிக்கலாம்). டாக்டர் எழுதித் தரும் சீட்டுக்குப் பிரெஞ்சில் ஓர்தொனான்ஸ் என்று பெயர். அரசாங்கம் பிறப்பிக்கும் ஆணைக்கும் அதே சொல்தான். பட்டம் இல்லாதவர் மருந்துக் கடை திறக்கக் கூடாது என்று அங்கே 1803-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். நமக்கோ அது வெறும் சீட்டு. பஸ் சீட்டு, தீபாவளிச் சீட்டு, சீட்டுக் கட்டு, அதோடு மருந்துச் சீட்டு.

கடனுக்குக் கொடுக்கிறார், அவசரத்துக்கு ராத்திரி கதவைத் திறக்கிறார், அவரைப் போய் எப்படிக் கேட்பது என்று சிலர் தயங்குகிறார்கள். எனக்கும் அந்தத் தயக்கம் இருந்தது. வீட்டம்மா விழுந்த இடத்தைத் தினமும் தாண்டித்தான் கொல்லைக்குப் போகிறேன், அதனால் விட்டுப் போயிற்று.

இப்போது பில் இல்லாமல் வாங்குவதில்லை. அட்டையை வெட்டினால் தேதி உள்ள துண்டுதான் வேண்டும் என்கிறேன். பையன் முகம் சுளிக்காமல் கொடுக்கிறான். மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கு இரண்டு பக்கத்தில் மனு எழுதி, இரண்டு அட்டைத் துண்டுகளின் நகலை இணைத்து, நேரில் போய்க் கொடுத்து, என் பிரதியில் தேதியோடு முத்திரை வாங்கி வந்திருக்கிறேன். முப்பதாவது நாள் வரும் வியாழக்கிழமை. பதில் வரவில்லையென்றால் நினைவூட்டுக் கடிதம் தயாராக இருக்கிறது. கூடக் கையெழுத்துப் போட விரும்புகிறவர்கள் அதற்கு முன் வீட்டுக்கு வரலாம், சாயங்காலம் நாலு மணிக்கு மேல் திண்ணையில்தான் இருப்பேன்.