தாம்பாளத்தை மூடும் துணி

காளஹஸ்திக்கு வரும் தமிழ்க் குடும்பங்களில் பலவற்றின் வேண்டுதல் ஒன்றுதான்: வீட்டில் தள்ளிப்போகும் கல்யாணம் கூடிவர வேண்டும். ராகு-கேது பூஜைக்குச் சீட்டு வாங்கி, வரிசையில் உட்கார்ந்து, வாயுலிங்கத்தைத் தரிசித்து, கண்ணப்பர் சந்நிதியில் ஒரு கும்பிடு போட்டுவிட்டு மாலைக்குள் பஸ் ஏறிவிடுகிறார்கள். தோஷம் கழிந்து கல்யாணமும் நிச்சயமான பிறகு, உறவினர்கள் எவர்சில்வர் குடத்தையும் சுவர்க் கடிகாரத்தையும் தேடி அலைகிறார்கள். கல்யாணப் பரிசுக்கென்றே பொருத்தமான ஒரு பொருள் அதே காளஹஸ்தியில், மூங்கில் எழுதுகோல் கொண்டு துணியில் வரையப்படுகிறது என்பது அவர்களில் பலருக்குத் தெரியாது.

துணிப் பரிசு என்றால், புடவையும் வேட்டியும் தவிர மற்றவற்றில் நமக்குக் கொஞ்சம் தயக்கம் உண்டு. அதிலும் கைக்குட்டை என்றால் கேட்கவே வேண்டாம். கொடுத்தால் பிரிவு வரும் என்பார்கள் பாட்டிமார்கள். கொடுத்தே ஆக வேண்டுமென்றால் பதிலுக்கு ஒற்றை ரூபாயை வாங்கிக்கொண்டு, விற்றதாகக் கணக்கு வைத்துக்கொள்வார்கள்.

ஐரோப்பியர்களுக்கு இந்தப் பயம் இல்லை. மணப்பெண்ணின் ஆனந்தக் கண்ணீரைத் துடைக்க லேஸ் வைத்த கைக்குட்டை தருவது அங்கே பழைய வழக்கம். தாய் பயன்படுத்தியதை மகளுக்குத் தருவதும் உண்டு. அந்த லேஸ் பின்னும் வேலை 19-ஆம் நூற்றாண்டில் மிஷனரிகள் வழியாக ஆந்திராவின் நரசாபூருக்கு வந்து, கோதாவரிக் கரையோரக் கிராமப் பெண்களின் பிழைப்பாகவே ஆகிவிட்டது. 2024-இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

இந்தியாவிலேயே கைக்குட்டை கல்யாணச் சீராக இருந்த இடங்கள் உண்டு. இமாசலப் பிரதேசத்தின் சம்பாவில், பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் மாற்றிக்கொள்ளும் சீர்த் தட்டுகளின் மேல் 'ருமால்' என்ற சதுரத் துணியைப் போர்த்துவார்கள். மெல்லிய பருத்தித் துணியில் பட்டு நூலால் கிருஷ்ண லீலையோ கல்யாணக் காட்சியோ தைத்திருக்கும். முன்பக்கம், பின்பக்கம் என்ற பேதம் தெரியாதபடி இருபுறமும் ஒரே மாதிரி தைப்பதுதான் அதன் சிறப்பு. இந்தக் கலையைக் காப்பாற்றி, பல பெண்களுக்குக் கற்றுக்கொடுத்த லலிதா வகீலுக்கு 2022-இல் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது.

ருமால் என்ற பாரசீகச் சொல்லுக்கு முகம் துடைப்பது என்று பொருள். அதுவே தமிழில் உருமால் ஆகித் தலையில் ஏறிக்கொண்டது. கொங்கு நாட்டுத் திருமணங்களில் 'உருமால் கட்டு' என்று ஒரு சீரே உண்டு. கைக்குட்டை என்றால் ஆகாது; உருமால் என்றால் மங்கலம்!

ஆந்திரத்துக்கும் ருமால் புதிதல்ல. 17-ஆம் நூற்றாண்டில் கோல்கொண்டா சுல்தான்களின் ஆட்சிப் பகுதியில், பருத்தித் துணியில் சாயத்தால் வரையப்பட்ட ருமால்கள் பரிசுப் பொருட்களை மூடப் பயன்பட்டன. அவற்றில் சில இன்று நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்திலும் லண்டன் விக்டோரியா-ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலும் பத்திரமாக இருக்கின்றன. உள்ளே இருந்த பரிசு எங்கே போனதோ, மூடிய துணி நிலைத்துவிட்டது.

துணியில் கலம் என்னும் எழுதுகோலால் வரையும் அந்தக் கலம்காரிக் கலை காளஹஸ்தியில் கோயிலைச் சார்ந்து வளர்ந்தது. சுவாமிக்குப் பின்னால் தொங்கவிடும் திரைச்சீலைகளில் ராமாயணமும் மகாபாரதமும் கட்டம் கட்டமாக, தெலுங்கு வரிகளோடு வரையப்பட்டன. ஆதரித்தவர்கள் போனபின் நசிந்து கிடந்த கலையை மீட்க, கமலாதேவி சட்டோபாத்யாயாவின் முயற்சியால் 1950-களின் இறுதியில் அங்கே அரசுப் பயிற்சி மையம் தொடங்கப்பட்டது. விரல்விட்டு எண்ணக்கூடிய கலைஞர்களில் ஒருவரான ஜொன்னலகட்டா லட்சுமய்யா அங்கே ஆசிரியரானார். அவர் மகன் குரப்ப செட்டிக்கு 2008-இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

வேலையின் பக்குவம் சமையலைப் போன்றது. துணியைக் கடுக்காய்ச் சாறு கலந்த எருமைப் பாலில் ஊறவைத்துக் காயப்போடுகிறார்கள். பாலில் உள்ள கொழுப்பு சாயத்தைப் பரவவிடாமல் தடுக்கும். துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் தண்ணீரில் வாரக்கணக்கில் ஊறவைத்து வடித்ததுதான் கறுப்பு மை. கடுக்காய் ஏறிய துணியில் அது பட்டவுடன் கோடு கருத்துவிடும். தவறாக விழுந்த கோட்டை அழிப்பது எளிதல்ல. சிவப்பு வேண்டிய இடத்தில் படிகாரக் கரைசலைத் தீட்டி, பிறகு சாய வேரோடு கொதிக்கவைத்தால், படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவந்து நிற்கும். ஒவ்வொரு கட்டத்திலும் துணியை ஓடும் நீரில் அலச வேண்டும். தேவாரம் பாடிய நாட்டவர் பொன்முகலி என்றழைத்த ஸ்வர்ணமுகி ஆறுதான் இந்தத் தொழிலின் தாய். ஆற்றில் தண்ணீர் இல்லாத காலம் தொழிலுக்கும் சோதனைக் காலம்.

அதைவிடப் பெரிய சோதனை கடைவீதியில் இருக்கிறது. சென்னை தி.நகரிலிருந்து தில்லி கரோல் பாக் வரை 'கலம்காரி' என்று குவிந்து கிடப்பதில் பெரும்பகுதி ஸ்கிரீன் பிரிண்ட். சில நிமிடங்களில் அச்சாகும் துணியும் பல நாட்கள் பால், வெயில், ஆறு என்று அலைந்த துணியும் ஒரே பெயரில் விற்கும்போது, விலை மலிவான பக்கம் சாய்கிறது. கையால் வரைபவரின் கூலி அச்சுத் துணியின் விலையோடு போட்டி போட வேண்டியிருக்கிறது. 2005-இல் ஸ்ரீகாளஹஸ்தி கலம்காரிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் பிளவுஸ் துணி வாங்குகிறவர்களில் எத்தனை பேர் அந்தச் சான்றிதழைக் கேட்கிறார்கள்?

அடையாளம் காண்பது கடினமல்ல. கையால் வரைந்த கோடு ஓரிடத்தில் தடித்து ஓரிடத்தில் மெலியும். ஒரே கொடியில் உள்ள இரண்டு பூக்கள் அச்சு அசலாக ஒன்றுபோல் இருக்காது. புதுத் துணியில் கடுக்காயும் பாலும் கலந்த வாடை லேசாக அடிக்கும். மசூலிப்பட்டினம் கலம்காரி மரக்கட்டையால் பதிப்பது. அதுவும் கைவேலைதான், ஆனால் வேறு வகை.

புடவை, பெரிய திரைச்சீலை என்றால் எல்லோருக்கும் கட்டுப்படியாகாது என்பது உண்மைதான். சீதா கல்யாணம் வரைந்த ஒரு சிறு சதுரத் துண்டு போதும். வெற்றிலை பாக்குத் தாம்பாளத்தின் மேல் அதைப் போர்த்திக் கொடுத்தால், குடமும் கடிகாரமும் பரணுக்குப் போன பிறகும் அந்தத் துணி வீட்டில் இருக்கும். பிரிவு வரும் என்று யாராவது பயந்தால் ஒற்றை ரூபாயை வாங்கிக்கொள்ளலாம். வரைந்தவருக்கு மட்டும் ஒற்றை ரூபாய்க் கணக்கு பார்க்காமல் இருந்தால் சரி.