பிரிவும் நுழைவிசைவும்

பொருள் தேடும் பொருட்டுத் தலைவன் தலைவியைப் பிரிதல் தமிழருக்குப் புதியதன்று. ஓதல், பகை, தூது, பொருள் எனப் பிரிவுக்குரிய காரணங்களைத் தொல்காப்பியனார் வகுத்துரைத்தார். கடல்வழிச் செலவில் மகளிரை உடன்கொண்டு செல்லும் வழக்கம் இல்லை என்னும் பொருள்பட அகத்திணையியலில் ஒரு நூற்பாவும் செய்தார். சங்கச் செய்யுட்களிலே தலைவியை வருத்துவன பாலை நிலத்து வெம்மையும், ஆறலை கள்வரும், தலைவன் குறித்துச் சென்ற பருவம் வந்தும் அவன் வாராமையுமே. அவன் மீளுதற்கோ, அவள் அவனைச் சென்று காணுதற்கோ, முன்பின் அறியாத மூன்றாமவர் ஒருவரது கையொப்பம் வேண்டப்பட்டதாக யாம் கற்ற அளவில் எப்புலவரும் பாடிற்றிலர். அக்கையொப்பமே இக்காலத்துப் பிரிவின் இலக்கணமாய் நிற்கின்றது. அதனைக் குறித்துச் சில கூறத் துணிகின்றோம்.

நம் நாட்டவர் இக்கையொப்பத்தின் ஆற்றலை முதன்முதல் நன்குணர்ந்தது இலங்கைக் கரையிலே எனலாம். 1914ஆம் ஆண்டு முதல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிக் கப்பல் ஓடிற்று. தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்ற தென்னாட்டுத் தொழிலாளர் மண்டபம் முகாமில் தங்கிச் சோதிக்கப்பெற்றுக் கடல் கடந்தனர். ஊர்த் திருவிழாவுக்கும், இழவுக்கும், திருமணத்துக்கும் வந்து மீண்டனர். 1948ஆம் ஆண்டில் இலங்கை அரசாங்கம் குடிவரவு, குடியகல்வுச் சட்டத்தை இயற்றிய பின்னர், அதுவரை பயணமாயிருந்தது விண்ணப்பமாயிற்று. 1964ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் சிறிமாவோ அம்மையாரும் லால் பகதூர் சாஸ்திரியாரும் செய்துகொண்ட உடன்படிக்கை, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிய முடிவு 1974ஆம் ஆண்டு வரை காத்திருந்தது. எண்கள் பங்கிடப்பட்டபொழுது உறவினரும் இரு கரைகளிலுமாகப் பங்கிடப்பட்டனர். அதே 1964ஆம் ஆண்டு டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. கடல் பிரித்ததைக் காட்டிலும் காகிதம் பிரித்தது மிகுதி என்பதை அவ்வரலாறு காட்டும்.

நிற்க. அன்று தோட்டத் தொழிலாளரைப் பற்றியிருந்த துன்பம் இன்று படித்த குடும்பங்களையும் பற்றியுள்ளது. மலையடிவாரத்தில், காமராசர் நீர்த்தேக்கத்தின் அருகே அமைந்த நம் ஆத்தூரையே எடுத்துக்கொள்வோம். வயலும் தென்னையும் சூழ்ந்த இவ்வூரினின்றும், தறியொலி மிக்க சின்னாளபட்டியினின்றும் புறப்பட்ட இளைஞர் இன்று சிங்கப்பூரிலும், அரபு நாடுகளிலும், ஐரோப்பாவிலும், அமெரிக்காவிலும் பணிபுரிகின்றனர். அவருள் பலர் குறுகிய விடுப்பில் வந்து மணம் முடித்து, மாலை வாடுமுன் மீள்கின்றனர். மனைவியை உடனழைத்துச் செல்ல எல்லாருக்கும் இயலுவதில்லை. சிங்கப்பூரில் பணி அனுமதிச் சீட்டு மட்டும் பெற்ற தொழிலாளர் தம் குடும்பத்தைச் சார்ந்தோர் சீட்டில் அழைத்து வைத்துக்கொள்ள அந்நாட்டு விதி இடந்தருவதில்லை. உயர்தரச் சீட்டுடையோரும் திங்கள்தோறும் 6,000 சிங்கப்பூர் வெள்ளியேனும் ஊதியம் பெறல் வேண்டும். ஆகவே மனைவிக்கு எஞ்சுவது ஒரே வழி: சின்னாட்கள் கண்டு மீளுதற்குரிய பார்வையாளர் விசா.

எமக்கு அக்காள் முறையாகும் ஒருவர் இவ்வழியை நாடினார். மணமாகி இருபத்து மூன்றாம் நாள் கணவர் மேல்நாடொன்றுக்குப் பணிக்குத் திரும்பினார். ஈராண்டு கழிந்தது. ஒரு திங்கள் அவருடன் இருந்து வரலாம் என எண்ணி, மணச்சான்று, கணவரது அழைப்புக் கடிதம், அவரது ஊதியச் சீட்டு, வங்கிக் கணக்கு, திரும்பி வருதற்கு முன்பதிவு செய்த விமானச் சீட்டு ஆகிய அனைத்தையும் அடுக்கிக்கொண்டு சென்னைக்குச் சென்றார். மூன்று வாரங்கள் கழித்து அச்சிட்ட தாள் ஒன்று வந்தது. குறித்த காலத்தில் அவர் தம் நாட்டுக்குத் திரும்புவார் என்பதில் ஐயம் உண்டு என்னும் கட்டத்தில் ஒரு குறி இடப்பட்டிருந்தது; வேறு விளக்கமில்லை. "என்னைப் பொய்யாள் என்று எழுதாமல் எழுதிவிட்டார்களே, தம்பி" என அவர் கூறிய சொல்லுக்கு எம்மிடம் மறுமொழி இல்லை.

இவ்வையம் ஓர் அலுவலரின் மனக்கோணலால் எழுவதன்று. சட்டத்தின் அமைப்பிலேயே உள்ளது. அமெரிக்க ஐக்கிய நாட்டின் 1952ஆம் ஆண்டுக் குடிநுழைவுச் சட்டத்தின் 214ஆம் பிரிவில் ஒரு விதி உண்டு. அதன்படி, பார்வையாளராய்ச் செல்ல விண்ணப்பிப்போர், தாம் குடியேறும் நோக்கமுடையாரல்லர் என அலுவலர் மனங்கொள்ள நிறுவும் வரையில், குடியேறுவோராகவே கருதப்படுவர். மெய்ப்பிக்கும் சுமை விண்ணப்பிப்பவர் தலைமேலது. குற்றஞ் சாட்டப்பட்டவனையும் குற்றம் மெய்ப்பிக்கப்படும் வரை குற்றமற்றவன் எனக் கொள்ளும் நீதிமுறை, கணவனைக் காண விழையும் பெண்ணுக்கு மட்டும் தலைகீழாகின்றது. பிற நாடுகளும் சொற்கள் வேறுபடினும் இதே வினாவையே வினவுகின்றன: "நீ திரும்புவாய் என்பதற்குப் பிணைப்பு யாது?"

ஈண்டுத்தான் பெருமுரண் தோன்றுகின்றது. செல்லுதற்குக் காரணம் கேட்பின், "என் கணவர் அங்கே உளர்" என்பதே உண்மையான விடை. அவ்விடையே அவர் திரும்பார் என்னும் ஐயத்துக்கும் காரணமாகின்றது. ஊர் பார்க்கச் செல்பவனை எளிதின் நம்பும் வாயில், உறவு பார்க்கச் செல்பவளை ஐயுறுகின்றது. அன்பு மிகுந்துழிச் சான்றின் வலி குறைகின்றது. இதனினும் வியப்பு வேறுண்டோ?

பிணைப்பு எனக் கொள்ளப்படுவன எவை எனவும் ஆராய்தல் வேண்டும். நிலையான வேலை, மாத ஊதியம், தன் பெயரில் நிலம், வங்கியில் இருப்பு என்பன. நம் ஊர்ப் பெண்களுட் பலருக்கு இவை இல்லை. நிலத்தின் பட்டா தந்தை பெயரிலோ மாமனார் பெயரிலோ இருக்கும். மணத்தின்பொருட்டு வேலையை விட்டிருப்பர். ஆயின் மேற்கூறிய எம் அக்காளை ஆத்தூருடன் பிணைப்பது யாது? படுக்கையிலிருக்கும் மாமியாருக்கு நாள்தோறும் இருவேளை மருந்து ஊட்டுபவர் அவரே. அவ்வீட்டின் இரண்டு கறவை மாடுகளும் அவர் குரலுக்கே பால் சுரக்கும். இவற்றுக்குச் சான்றிதழ் வழங்கும் அலுவலகம் எங்கே உளது? காகிதத்தில் அடங்காத கடமையே கிராமத்தில் மனிதரை இறுகப் பிணிப்பது. அதனையே விண்ணப்பப் படிவம் கேட்பதில்லை.

செலவும் சிறிதன்று. ஐரோப்பிய ஷெங்கன் நாடுகளுக்கான குறுகியகால விசாவின் கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ. மறுக்கப்படினும் அது மீளாது. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடும் வேண்டும். ஆத்தூரிலிருப்பவர் செம்பட்டிக்கு வந்து, திண்டுக்கல் சேர்ந்து, நானூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட சென்னைப் பயணத்தையும் அதனோடு கூட்டிக்கொள்ளல் வேண்டும். செல்வர்க்கு இது சிறு தொகை. ஏழைக் குடும்பத்துக்கு ஒரு பருவத்து விளைச்சல்.

இவ்வாறு கூறுதலால், அரசுகள் தம் வாயிலைக் காத்தலே தவறு என்பது எம் கருத்தன்று. காவலில்லா வீடு யாண்டும் இல்லை. பார்வையாளராய்ச் சென்று காலம் கடந்தும் தங்கியோர் உளர் என்பதும் மறுக்கற்பாலதன்று. நம் நாடும் இவ்வகையில் முற்றும் தாராளமுடையதன்று. இந்தியரை மணந்த அயல்நாட்டவர் வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன் அட்டை பெற, மணம் பதிவு செய்யப்பெற்று ஈராண்டேனும் நிலைத்திருத்தல் வேண்டும் என நம் குடியுரிமைச் சட்டமே விதிக்கின்றது. எனவே எம் வழக்கு காவலை நீக்குக என்பதன்று. காவல் நேர்மையுடையதாகுக என்பதே.

அதற்கு வழி உண்டு என்பதை அந்நாடுகளே காட்டியுள்ளன. நிரந்தர வாழ்வுரிமை பெற்றோரின் மனைவி மக்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருத்தலைக் கண்ட அமெரிக்கா, 2000ஆம் ஆண்டு டிசம்பரில் 'வி' விசா என்னும் தனி வகையை ஏற்படுத்தி, காத்திருக்கும் காலத்தில் அவர் உடன் வாழ இடந்தந்தது. ஆயின் அவ்வாண்டு டிசம்பர் 21ஆம் நாளுக்குள் மனுச் செய்யப்பட்டோர்க்கே அது பயன்பட்டது. நிரந்தரமாய்க் குடியேறும் எண்ணம் பின்னர் உண்டென்னும் காரணம் மட்டுமே பற்றித் தற்காலிக வரவை மறுத்தல் ஆகாது எனக் கனடாவின் சட்டம் கூறுகின்றது. ஷெங்கன் நாடுகளின் 2009ஆம் ஆண்டு விசா விதித்தொகுப்பு, மறுப்புக்குக் காரணம் தருதலையும் மேல்முறையீட்டு உரிமையையும் கட்டாயமாக்கியது; காரணம் ஒரு கட்டத்துக் குறியாகச் சுருங்கியது வேறு குறை. இங்கிலாந்தோ குடும்பத்தாரைக் காண வருவோர்க்கிருந்த முழு மேல்முறையீட்டு உரிமையை 2013ஆம் ஆண்டில் நீக்கிவிட்டது. பெருந்தொற்று உலகை அடைத்த 2020ஆம் ஆண்டிலும் டென்மார்க்கு, செருமனி முதலிய நாடுகள், மணமாகாத இணையர்க்குங்கூட உறவை நிறுவினால் வாயில் திறந்தன. தொற்றுக்கு அஞ்சிய காலத்தில் இயன்றது, அச்சம் நீங்கிய காலத்தில் இயலாதோ?

ஆதலின் யாம் வேண்டுவன மூன்று. முதலாவது, கணவன் மனைவியரைக் காணச் செல்வோர்க்கெனத் தனி வகைக் குறுகியகால விசா அமைதல் வேண்டும். அதில் உறவு, தகுதியாக எண்ணப்படல் வேண்டும், ஐயமாக அன்று. இரண்டாவது, அழைக்கும் துணைவர் அந்நாட்டுச் சட்டத்துக்கு அடங்கி வாழ்ந்தமையும் வரி செலுத்தியமையும் பிணையாகக் கொள்ளப்படல் வேண்டும். மூன்றாவது, மறுப்பின் காரணம் அவரவர் செய்திக்கேற்ப இரண்டு வரியேனும் எழுதப்படல் வேண்டும். நம் அரசாங்கம் பிற நாடுகளோடு வாணிக ஒப்பந்தம் பேசுங்கால், சரக்கின் போக்குவரவைப் பேசுமளவு, பிரிந்த குடும்பங்களின் போக்குவரவையும் பேசுதல் கடனாகும்.

நம்மால் ஆவதும் உண்டு. மணத்தை உடனே பதிவு செய்தல் முதற்கடன். 2009ஆம் ஆண்டுத் தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம் எம்மதத்தார்க்கும் அதனைக் கட்டாயமாக்கியுள்ளது. பெண்மக்கள் பெயரில் கணக்கும் நிலமும் இருத்தல், விசாவுக்கு மட்டுமன்றி வாழ்வுக்கும் நன்று. தரகர் சொற்கேட்டுப் பொய்ச்சான்று தருதலை அறவே ஒழித்தல் வேண்டும். பொய் வெளிப்படின் இங்கிலாந்து பத்தாண்டு வரை கதவடைக்கும், அமெரிக்காவில் வாழ்நாள் முழுதும் தடை நேரலாம். ஒருவர் சொன்ன பொய் அடுத்து வருபவரின் மெய்யையும் ஐயத்துக்குள்ளாக்கும்.

கடல் கடந்து வாழும் நம் கல்லூரியின் பழைய மாணவர்காள்! அந்நாட்டு விதிகளை அறிந்தவர் நீவிர். அழைப்புக் கடிதம் எவ்வாறு எழுதப்படல் வேண்டும், கணக்குகள் எவ்வாறு காட்டப்படல் வேண்டும் என்பவற்றை எழுதியனுப்புமின். உடன் பயிலும் நண்பர்காள்! விடுமுறை நாட்களில் நம் ஊர்களில் ஒரு மேசையும் இரண்டு நாற்காலிகளும் இட்டு, படிவம் நிரப்பத் தெரியாதார்க்குக் கூலியின்றி நிரப்பித் தருவோம். மாமியாருக்கு மருந்தூட்டும் கடமையை மருத்துவரது கடிதத்தாலும், மாடு வளர்க்கும் தொழிலைப் பால் கூட்டுறவுச் சங்கத்தின் கணக்காலும் சான்றாக்கலாம் என்பதை எடுத்துச் சொல்வோம். பிரிவைப் பாடிய புலவர்களைப் பயிலும் நாம், பிரிந்தோர் இருவரைச் சின்னாட்களேனும் சேர்த்துவைப்போமாயின், கற்றதனால் ஆய பயன் சிறிது பெற்றோமாவோம்.